நாற்பத்தொரு பேரின் அக்கா

"நாப்பத்தோரு பேருக்கும் ஒரே அக்காவா, இல்ல ஆளுக்கு ஒரு அக்காவா?"

"ஆளுக்கு ஒண்ணாத்தான் இருக்கணும் மேடம்."

"நாப்பத்தோரு அக்காவும் பட்டம் வாங்கினவங்க?"

"ஆமா மேடம்."

"பட்டம் குடுக்குற அன்னிக்கு நாப்பத்தோரு தம்பிங்களும் காய்ச்சல்னு பொய் சொல்லிட்டு வீட்லயே படுத்துட்டானுங்க?"

"அப்படித்தான் மேடம் எழுதியிருக்காங்க."

பேராசிரியை மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, ஆறிப்போன தேநீர்க் கோப்பையின் மேல் மூடிபோல வைத்தார். யோசிக்கும்போது அப்படித்தான் வைப்பார். பிறகு அதைத் தேடி அறையையே புரட்டுவார். அந்த அறையில் புரட்டுவதற்குப் பஞ்சமில்லை. தரையிலிருந்து சன்னல் உயரம்வரை பழைய ஆய்வேடுகள். அவற்றை எழுதியவர்கள் வேலை, கல்யாணம், வழுக்கை என்று எங்கெங்கோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆய்வேடுகள் மட்டும் இங்கேயே கரையானுக்காகக் காத்திருந்தன.

எதிரே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தவளை வீட்டில் எல்லோரும் பெரியவள் என்பார்கள். தம்பி சின்னவன். பெரியவள் ஒன்றாம் வகுப்பிலிருந்தே நாற்காலியின் நுனியில்தான் உட்கார்வாள். ஆசிரியர் கேள்வி கேட்டால் எழுந்து நிற்க அதுதான் வசதி. இப்போது அவளுடைய ஆய்வின் தலைப்பு: மாணவர்களிடையே மதுப் பழக்கமும் அதற்கான காரணிகளும். மதுவின் வாசனைகூட அவளுக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் அதற்கான காரணிகள் ஏழு என்று தெரியும். நண்பர்களின் வற்புறுத்தல், ஆர்வக் கோளாறு, காதல் தோல்வி, படிப்புச் சுமை, குடும்பச் சூழல், விளம்பரம், பிற.

இருபத்தைந்து கேள்விகள். நூற்றிருபது மாணவர்கள். எழுபத்தொன்பது படிவங்கள் வெவ்வேறு துறைகளிலிருந்து வந்துவிட்டன. அவற்றில் 'பிற' என்ற இடத்தில் ஒருவன் 'மழை' என்று எழுதியிருந்தான், இன்னொருவன் 'வெயில்' என்று. மூன்று பேர் 'சனிக்கிழமை' என்று எழுதியிருந்தார்கள். அதெல்லாம் எதிர்பார்த்ததுதான். கடைசியாக ஆண்கள் விடுதியிலிருந்து வார்டன் கட்டுக்கட்டி அனுப்பிய நாற்பத்தொன்றுதான் குண்டைத் தூக்கிப் போட்டது. நேற்று மாலை பெரியவள் கட்டைப் பிரித்தாள். நாற்பத்தொன்றிலும் ஒரே நீண்ட பதிலின் முதல் இரண்டு வரிகளை மட்டும் புரட்டிப் பார்த்தாள், அதற்கு மேல் படிக்கவில்லை. காலையில் முதல் ஆளாகப் பேராசிரியை அறை வாசலில் நின்றாள். பொய்க் காய்ச்சலில் படுக்கும் தம்பிகள் வீட்டுக்கு வீடு இருப்பார்கள், தன் வீட்டைத் தவிர, என்பது அவள் எண்ணம்.

வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழுவின் முன்னால் எல்லாவற்றையும் வைக்க வேண்டும். நூற்றிருபதில் நாற்பது குறைந்தால் அடுத்த குழு கூட ஆறு மாதம் ஆகும். ஆறு மாதம் தள்ளிப்போவது மற்றவர்களுக்கு நடக்கிற விஷயம். பெரியவளுக்கு எதுவும் ஆறு நிமிடம்கூடத் தள்ளிப்போனதில்லை.

"பாத்து எழுதியிருப்பாங்களோ மேடம்?"

"கணக்குப் பரீட்சையில பாத்து எழுதுவாங்க. 'நீ ஏன் குடிக்கிறே'ங்கறதையுமா பாத்து எழுதுவாங்க?" பேராசிரியை ஒரு படிவத்தை உருவினார். "இங்க பாரு. அன்று எப்படி உணர்ந்தீர்கள்? 'சந்தோஷமா'ன்னு எழுதி அடிச்சிருக்கான். பக்கத்துல 'தெரியல'."

பெரியவள் அடுத்ததைப் பார்த்தாள். அதிலும் 'சந்தோஷமா' இருந்தது, அடிக்கப்பட்டிருந்தது, பக்கத்தில் 'தெரியல'. அதற்கடுத்ததிலும். முப்பத்தாறு பேர் அந்தச் சொல்லை அழகாக எழுதி, அழகாக அடித்திருந்தார்கள். மீதி ஐந்து பேருக்கு அவசரம் போல. சொல்லை விட்டுவிட்டு அடித்த கோட்டை மட்டும் வரைந்திருந்தார்கள்.

"இல்ல, அப்படியே உண்மையா இருந்தா?" பேராசிரியையின் குரலில் திடீரென்று ஒரு கனவு புகுந்துகொண்டது. "நல்லாப் படிக்கிற அக்காவோட ஒப்பிட்டே வளர்ந்த பசங்க குடிக்க ஆரம்பிக்கிறாங்க. யாருமே இதுவரைக்கும் சொல்லாத காரணி. இதுக்கு ஒரு பேரு வெக்கலாம். அக்கா விளைவு." அவர் அதை ஒருமுறை நாக்கில் உருட்டிப் பார்த்தார். "அக்கா விளைவு. கருத்தரங்குல எடுபடும்."

பிறகு கண்ணாடியைத் தேடி எடுத்து, பதினேழாவது கேள்விக்கான பதிலை உரக்கப் படித்தார். முதன்முதலில் குடித்த சூழ்நிலையை விவரிக்கவும் என்பது அந்தக் கேள்வி.

"'அக்காவுக்குப் பட்டம் குடுத்த அன்னிக்கு. காய்ச்சல்னு சொல்லிட்டு நான் போகல. காய்ச்சல் இல்ல. அப்பாவோட பாட்டில் அலமாரியில அட்லஸுக்குப் பின்னாடி இருந்துச்சு. டம்ளர்ல ஊத்தினா தெரிஞ்சுடும்னு மூடியில அளந்து ஆறு மூடி குடிச்சேன். குறைஞ்ச அளவுக்குத் தண்ணி ஊத்தி வெச்சேன். யாரும் கண்டுபிடிக்கல. காய்ச்சல் எப்படி இருக்குன்னும் யாரும் கேக்கல.'"

பெரியவளுக்கு அட்லஸ் என்ற இடத்திலேயே காது அடைத்துவிட்டது.

அந்த அட்லஸ் அவளுடையது. ஒன்பதாம் வகுப்பில் பேச்சுப் போட்டியில் வாங்கியது. ஒரு கைக்குழந்தையின் எடை இருக்கும். அதை அலமாரியின் மேல்தட்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தார்கள். பிறகு ஒருவரும் தொடவில்லை. அப்பா 'செரிமானத்துக்காக' வைத்திருக்கும் பாட்டிலுக்கு உலகத்திலேயே பாதுகாப்பான இடம் அதன் பின்புறம்தான். அது அங்கே இருப்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும், தெரியாது என்று எல்லோரும் நடந்துகொள்வார்கள். அப்பாவோ அந்தப் பட்டமளிப்பிலிருந்து நான்கு வருடமாக ஒரே புலம்பல். "இப்பல்லாம் எதுலயும் சத்தே இல்ல. எல்லாம் கலப்படம். கடைக்காரன் மனசாட்சியைக் கழுவிட்டான்." இதுவரை மூன்று கடை மாற்றிவிட்டார்.

"என்னம்மா, முகம் வெளுத்துப் போச்சு?"

"ஒண்ணுமில்ல மேடம். காலைல சாப்பிடல."

"போய் விசாரி. பாத்து எழுதினது இல்லன்னா நமக்கு அதிர்ஷ்டம், அப்படியே வெச்சுப்போம். பாத்து எழுதியிருந்தா எவன் மூலமோ அவன் ஒருத்தனை மட்டும் வெச்சுட்டு மீதியைக் கிழிச்சுடு." பேராசிரியை படிவங்களைத் தட்டி அடுக்கிக் கொடுத்தார். "ரொம்பத் தோண்டி விசாரிக்கணும்னு இல்ல."

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து நாற்பத்தொன்றையும் மடியில் பரப்பினாள். மூலத்தைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. இடது பக்கம் சாய்ந்து விழுகிற அந்த எழுத்தை நேராக்க அவள்தான் இரண்டு வருடம் கோடுபோட்ட நோட்டில் பயிற்சி கொடுத்தவள். அந்த ஒரு படிவத்தில் மட்டும் 'சந்தோஷமா'வை அடித்த கோடு தாளைக் கிழித்திருந்தது.

இருபத்தைந்தாவது கேள்வி: உங்களுக்கு உதவி வேண்டுமா? 'ஆம்' கட்டத்தில் குறி போட்டிருந்தது. நாற்பத்தொரு பேரும் 'ஆம்' போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே, விரும்பினால் பெயர், அறை எண் எழுதவும் என்று ஒரு கோடு. எழுதினால் மாணவர் நல மருத்துவர் தாமே அழைப்பார். எழுதாவிட்டால் மூன்று மாதத்தில் படிவத்தை அழித்துவிட வேண்டும். யார் எழுதியது என்று யாரும் யாரிடமும் சொல்லக் கூடாது. இந்த விதியை வகுத்தவளே பெரியவள்தான். வாதாடி வாங்கிய விதி.

நாற்பத்தொரு கோடும் காலியாக இருந்தன.

*

ஆண்கள் விடுதியில் பெண்கள் வருகையாளர் கூடத்தைத் தாண்டக் கூடாது. கூடத்தில் வலையில்லாத ஒரு டேபிள் டென்னிஸ் மேசை, மூன்று கால் நாற்காலி ஒன்று, 'அமைதி காக்கவும்' என்ற பலகை. பலகைக்குக் கீழே ஒருவன் செருப்பால் இன்னொருவனைத் துரத்திக்கொண்டிருந்தான். பெரியவளைக் கண்டதும் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு மரியாதையாக நின்றான்.

வார்டன் அனுப்பி இரண்டு பேர் வந்தார்கள். ஒருவனுக்குக் குழாய் என்று பெயர். முதல் வருடம் குளியலறைக் குழாய் இவன் கையோடு வந்துவிட்டது, அன்று இரண்டாவது மாடிவரை வெள்ளம். இன்னொருவன் தாத்தா. ஆறு வருடமாக இரண்டாம் ஆண்டு படிக்கிறான்.

"அந்த ஆராய்ச்சி ஃபார்ம் விஷயமா வந்திருக்கேன்," என்றாள் பெரியவள்.

"எல்லாரும் பாஸா மேடம்?" என்றான் குழாய்.

"அது பரீட்சை இல்லப்பா."

"கேள்வி இருந்துச்சே."

"கேள்வி இருந்தா பரீட்சையா?"

"இருபத்தஞ்சு கேள்வி, சரியான விடைக்கு நேராகக் குறியிடுகன்னு வேற போட்டிருந்துச்சு," என்றான் தாத்தா. "வார்டன் சார் வந்து, ஒரு மணி நேரத்துல முடிச்சுக் குடுக்காதவனுக்கு வார லீவு கிடையாதுன்னாரு. நாங்க வேற என்ன மேடம் நினைப்போம்? படிக்காத பாடத்துல இருந்து கேட்டுட்டாங்கன்னு ஆளாளுக்கு முழிச்சோம்."

"குடிக்கிறவங்கதானே நீங்க? உங்களைப் பத்தி உங்களுக்கே தெரியாதா?"

"தெரியும். ஆனா சரியான விடை தெரியாதுல்ல?" குழாய் உண்மையாகவே கேட்டான். "நான் போய் எனக்குத் தெரிஞ்சதை எழுதி, அது தப்பாப் போச்சுன்னா?"

பெரியவள் நோட்டை மூடினாள். "சரி. உனக்குத் தெரிஞ்சது என்ன? இப்ப சொல்லு."

குழாய் தலையைச் சொறிந்தான். "நான் குடிக்கவே மாட்டேன்னுதான் இருந்தேன் மேடம். ஆனா குடிக்காதவன்தான் குடிச்சவனையெல்லாம் தூக்கிட்டு வரணும். மூணு மாடி. லிஃப்ட் கிடையாது. இவனே எம்பத்தஞ்சு கிலோ. ஒரு மாசத்துல எனக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு. டாக்டர் வெயிட் தூக்காதேன்னுட்டாரு. அதான் குடிக்க ஆரம்பிச்சேன்."

"டாக்டர் சொன்னதால குடிச்சே."

"ஒரு விதத்துல."

"நீ?" தாத்தாவைக் கேட்டாள்.

தாத்தா குழாயைக் காட்டினான். "எனக்கு இவன்னா ரொம்பப் பிடிக்கும் மேடம். குடிச்சா, மச்சான் நீ இல்லன்னா நான் செத்துருவேன்டான்னு கட்டிப்பிடிச்சு அழுவேன். அதையே காலைல பல்லு தேய்க்கும்போது சொன்னா எல்லாரும் ஒரு மாதிரி பாப்பானுங்க."

"நானே ஒரு மாதிரி பாப்பேன்," என்றான் குழாய்.

பெரியவள் எழுதிக்கொண்டாள். அவளுடைய ஏழு காரணிகளில் எதிலும் இடுப்பு வலி இல்லை. பல் தேய்க்கும்போது சொல்ல முடியாததும் இல்லை. சனி, ஞாயிறு நூலகம் பூட்டு, மைதானம் பூட்டு, வளாகத்துக்கு வெளியே திறந்திருக்கும் ஒரே கதவு மதுக்கடைக் கதவு என்றான் தாத்தா. அதையும் எழுதிக்கொண்டாள். இரண்டு வருட ஆராய்ச்சியில் உருப்படியாக ஏதோ கேட்டோம் என்று அவளுக்கே தோன்றியது. நூற்றிருபது பேரிடம் தாளைக் கொடுத்ததற்குப் பதில் ஒரு மூன்று கால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கலாம்.

"யாரைப் பாத்து எழுதினீங்க?"

இருவரும் நிமிர்ந்து நின்றார்கள். "அதை மட்டும் கேக்காதீங்க மேடம். உயிரே போனாலும் காட்டிக் குடுக்க மாட்டோம்," என்றான் தாத்தா.

"சரி, கேக்கல."

பெரியவள் நோட்டில் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். குழாய்க்கு அது தாங்கவில்லை. "மூடிதான் மேடம்."

"டேய்!"

"மேடம்தான் கேக்கலன்னுட்டாங்களே. நாமளா சொன்னா அது காட்டிக் குடுக்குறதா?"

"மூடியா?" என்றாள் பெரியவள்.

"பட்டப் பேரு. மூடியில அளந்து அளந்துதான் குடிப்பான், மருந்து மாதிரி. கேள்வித்தாளைப் பாத்து நாங்கல்லாம் முழிக்கிறோம், அவன் மட்டும் தலையைக் குனிஞ்சவன் நிமிரவே இல்ல. விறுவிறுன்னு எழுதறான். சரி, இவனுக்குத்தான் பாடம் தெரிஞ்சிருக்குன்னு எட்டிப் பாத்தோம். எனக்கு அக்காவே கிடையாது மேடம். ரெண்டு தங்கச்சி. இருந்தாலும் எழுதினேன்."

"அவன் ஏன் குடிக்கிறான்?"

"அதான் எழுதியிருக்கானே. அவங்க அக்கா." தாத்தாவுக்கு இப்போது உற்சாகம் வந்துவிட்டது. "அது மாதிரி ஒரு அக்கா எனக்கு இருந்திருந்தா நான் பால்குடி மறக்கும்போதே பாட்டிலைப் பிடிச்சிருப்பேன். வீட்ல தட்டு வெச்சதும் அக்கா மார்க், தட்டு எடுத்ததும் அக்கா மார்க்காம். தூங்கும்போதுகூட அந்தம்மா முதல் ரேங்க்குலதான் தூங்குமாம்."

"எங்களுக்கெல்லாம் அந்தம்மாவைப் பாக்கணும்னு ஆசை," என்றான் குழாய். "ஞாயித்துக்கிழமை அவன்தான் போய்ப் பாப்பான். இங்க கூட்டிட்டு வாடான்னா மாட்டேங்கறான். வந்தா அறையைப் பாத்துட்டு மார்க் போடுமாம்."

பெரியவள் பேனாவின் பின்முனையைக் கடித்தாள். விடுதியில் நாற்றம் தாங்காது, நீ வராதேக்கா என்றுதான் அவன் சொல்லியிருந்தான். ஒவ்வொரு ஞாயிறும் வாயில் புதினா மிட்டாயோடு வருவான். தம்பி இப்போதெல்லாம் பல்லை அக்கறையாகப் பார்த்துக்கொள்கிறான் என்று அம்மாவுக்கு ஃபோனில் சொல்லியிருக்கிறாள். அம்மாவும் உன்னைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டிருப்பான் என்று மகிழ்ந்தாள்.

"எவ்வளவு அடிக்கடிங்கற கேள்விக்கு, தினமும்னு போட்டிருக்கீங்க எல்லாரும்."

"நாங்க சும்மா போட்டோம். சனிக்கிழமைதான் எங்களுக்கு," என்றான் குழாய்.

"அவன்?"

குழாய் தாத்தாவைப் பார்த்தான். தாத்தா டேபிள் டென்னிஸ் மேசையில் இல்லாத வலையைப் பார்த்தான்.

"முன்னாடி சாயங்காலம் ஒரு மூடி, ரெண்டு மூடி," என்றான் தாத்தா. உற்சாகம் எல்லாம் வடிந்திருந்தது. "இப்ப காலைலயும். மூடி எங்க போச்சுன்னே தெரியல மேடம். நேரா பாட்டில்தான். முன்னாடியாவது எங்களோட உக்காருவான். இப்ப கதவைச் சாத்திக்கிறான். சொன்னா, நீ ஆறு வருஷமா ரெண்டாம் வருஷம் படிக்கிறே, நீ எனக்குச் சொல்றியாங்கறான். வாயை மூடிட்டு வந்துடறேன்."

"கூப்பிடுங்க அவனை."

"காட்டிக் குடுத்தோம்னு..."

"கூப்பிடுப்பா."

குழாய் மாடிப்படியின் அடியில் நின்று, அமைதிப் பலகை ஆடுகிற அளவுக்கு, "மூடீ!" என்று கத்தினான்.

சின்னவன் இறங்கி வந்தான். மணி பதினொன்றரை. தலை ஈரமாக இருந்தது, சட்டைப் பொத்தான்களில் ஒன்று இடம் மாறிப் போட்டிருந்தது. கடைசிப் படியில் கால் வைக்கும் முன் கைப்பிடியை ஒருமுறை தேடினான். வாயில் மிட்டாய். பெரியவளைக் கண்டதும் மிட்டாய் ஒரு கன்னத்திலிருந்து மறுகன்னத்துக்கு மாறியது.

"அக்கா?"

குழாய் முகத்தில் இருந்த ரத்தம் எல்லாம் இறங்கிக் காலுக்குப் போயிருக்கும். தாத்தா அவன் சட்டைக் காலரைப் பிடித்து, பூனைக்குட்டியைத் தூக்குவதுபோலப் படியேறிப் போனான். முதல் மாடித் திருப்பத்தில் இருவரின் காலடி ஓசையும் நின்றுவிட்டது. அதற்கு மேல் ஏறவில்லை என்பது கீழே இருந்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்தது.

பெரியவள் கிழிசல் விழுந்த படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். சின்னவன் தூரத்திலிருந்தே அதைக் கண்டுகொண்டான். மேசையின் மறுபக்கம் போய் நின்றான், ஏதோ இருவரும் விளையாடப் போவதுபோல.

"ஃபார்ம்ல அந்த மேடம் பேருதானே இருந்துச்சு."

"எல்லாத்துலயும் மேடம் பேருதான் இருக்கும். வேலை என்னோடது."

"உன் பேரு இருந்திருந்தா பொய் எழுதியிருப்பேன்."

"தெரியும்."

"யாரு எழுதினதுன்னு யாருக்கும் தெரியாதுன்னு போட்டிருந்துச்சு."

"எனக்கும் தெரிஞ்சிருக்காது. நாப்பது பேரு உன்னைப் பாத்து எழுதலன்னா நான் இவ்வளவு உன்னிப்பாப் படிச்சிருக்க மாட்டேன்."

திட்டு விழும் என்று தோளைக் குறுக்கி நின்றவன் நிமிர்ந்தான். "நாப்பது பேரா?"

"நாப்பது பேரு."

"அடிச்சிருந்தேனே, அதையுமா?"

"அதையும்."

சின்னவனின் முகம் மெல்ல மலர்ந்தது. பெரியவள் அந்த முகத்தை எப்போது கடைசியாகப் பார்த்தாள் என்று நினைவில்லை. "என்னைப் பாத்து எவனும் எழுதினதே இல்லக்கா," என்றான். "எல்லாரும் உன்னைப் பாத்து எழுதுன்னுதான் சொல்லுவாங்க. வாழ்க்கையில முதல் தடவை. நாப்பது பேரு!"

"பெருமையா இருக்கா?"

"கொஞ்சம்."

"எருமை."

"அதுவும்தான்."

பெரியவளுக்குப் பேச வேண்டியதெல்லாம் படிக்கட்டில் உட்கார்ந்தபோதே வரிசையாகத் தயாராக இருந்தது. வாயைத் திறந்தபோது ஒன்றும் வரிசையில் நிற்கவில்லை. "நான் என்னடா பண்ணேன் உனக்கு?"

"நீ ஒண்ணும் பண்ணல. அதான் கஷ்டமே. ஒரு தப்பாவது பண்ணியிருந்தா, அதைக் காட்டி நானும் ஒரு நாள் பேசியிருப்பேன்ல?"

"அதனால குடிச்சியா?"

"அன்னிக்கு அதனால." மேசையின் வெள்ளைக் கோட்டை நகத்தால் சுரண்டினான். "அப்புறம் சும்மா. அப்புறம், குடிக்காம சும்மா இருக்க முடியல. இப்ப காலைல கை கொஞ்சம் ஆடுதுக்கா. ரெண்டு வாய் போட்டா நிக்குது. அதுக்கு உங்க ஃபார்ம்ல கட்டமே இல்ல."

மாடித் திருப்பத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். யாரோ அவன் வாயைப் பொத்தினார்கள்.

"அப்பா மூணு கடை மாத்திட்டாரு, தெரியுமா?" என்றாள் பெரியவள்.

"மூணா? ரெண்டுன்னு நினைச்சேன்."

"மூணாவது கடைக்காரர்கிட்ட, நீங்களாவது நேர்மையா இருங்கன்னு கையைப் பிடிச்சுச் சொல்லிட்டு வந்திருக்காரு."

சின்னவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மிட்டாய் புரையேறி இருமினான். பெரியவள் மேசையைச் சுற்றி ஓடிப்போய் முதுகில் தட்டினாள். கிட்டத்தில் வந்தபோதுதான் புதினாவுக்கு அடியில் இருந்த அந்த இன்னொரு வாசனை தெரிந்தது. இரண்டு வருட ஆராய்ச்சிக்குப் பிறகு முதல் தடவையாக. கையை அவன் முதுகிலிருந்து எடுக்காமல் நின்றாள்.

"நாப்பதையும் கிழிக்கணும்," என்றாள் கடைசியில். "உன்னோடது ஒண்ணுதான் கணக்கு."

"அப்ப வெள்ளிக்கிழமை?"

"போச்சு. ஆறு மாசம்."

"உனக்கா?" அவன் நிஜமாகவே பயந்துபோனான். "மேடம் ஒத்துக்கிட்டாங்களா?"

"மேடத்துக்கு நாப்பத்தோரு அக்கா வேணுமாம். அக்கா விளைவாம். வெச்சா வெள்ளிக்கிழமை எல்லாரும் கை தட்டுவாங்க."

"வெச்சுடேன். எனக்கு ஒண்ணும் இல்ல."

"மக்கு. வெச்சா நீ நாப்பத்தோரு பேர்ல ஒருத்தன். கிழிச்சாத்தான் நீ ஒருத்தன்."

திரும்ப மேசையின் தன் பக்கத்துக்குப் போனாள். படிவத்தைப் புரட்டிக் கடைசிப் பக்கத்தை மேலே வைத்து, பேனாவை அதன்மேல் வைத்து, மேசையின் நடுவே, வலை இருக்க வேண்டிய இடத்துக்குத் தள்ளினாள்.

"இருபத்தஞ்சாவதுல ஆம்னு போட்டிருக்கே. கீழ பேரை எழுது. பேரு வேணாம்னா அறை எண்ணை எழுது. டாக்டரே கூப்பிடுவாரு. அப்பாவுக்குப் போகாது. வார்டனுக்குப் போகாது. நான் எழுத முடியாது, நான் சொல்லவும் முடியாது. அந்த விதியைப் போட்டதே நான்தான்."

"அந்த டாக்டர் திட்டுவாரா?"

"தெரியாது. நான் போனதில்ல."

சின்னவன் பேனாவை எடுத்தான். அதன் முனை தாளுக்கு மேலே லேசாக ஆடியது. ஆடுவதை அவள் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் இன்னொரு கையால் பிடித்துக்கொண்டான். பெயர் எழுத வேண்டிய கோடுவரை கொண்டுபோய் நிறுத்தினான்.

"நீ இந்த ஃபார்ம் எழுதிப் பாத்தியாக்கா?"

"எல்லாருக்கும் முன்னாடி நான்தான் எழுதினேன். கேள்வி சரியா இருக்கான்னு பாக்க."

"எல்லாத்துக்கும்?"

"நான் குடிக்கிறதில்லயே. இருபத்துநாலுக்கும் பொருந்தாதுன்னு போட்டேன்."

"இருபத்தஞ்சுக்கு?"

பெரியவள் மேசைமேல் இருந்த கோப்பில் படிவங்களை அடுக்கினாள். அன்று அந்தக் கேள்வியின் முன்னால் பேனா எவ்வளவு நேரம் நின்றது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். மூன்று மாதமாகத் தூக்கம் கண்ணுக்கு அருகில் வந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வந்தது. பேராசிரியை அறைக் கதவைத் தட்டும் முன் ஒவ்வொரு நாளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நிற்க வேண்டியிருந்தது. இதெல்லாம் கேள்வித்தாளின் தலைப்புக்குள் வராது என்று முடிவுசெய்து, அந்த இரண்டு கட்டங்களையும் காலியாக விட்டு மூடிவைத்திருந்தாள்.

சின்னவன் அவள் முகத்தை, கண்களுக்குக் கீழே இருந்த கருவளையத்தை, கடித்துக் கடித்துப் பல் பதிந்த பேனாவின் பின்முனையைப் பார்த்தான். அவளுடைய கோப்பை இழுத்து, அடியில் கிடந்த எழுதாத படிவம் ஒன்றை உருவினான். கடைசிப் பக்கத்தைத் திருப்பினான். அதன்மேல் பேனாவை வைத்து, மேசையின் குறுக்கே அவள் பக்கம் தள்ளினான்.

"நீ முதல்ல எழுதுக்கா," என்றான். "நான் பாத்து எழுதிக்கறேன்."